இடது கோட்டுக்கு வெளியே

கால் இடறி விழட்டும். பெரிதாக எதுவும் வேண்டாம். எலும்பு உடைய வேண்டாம், கணுக்கால் பிசகினால் போதும். ஒரு மாதம்கூட வேண்டாம். திண்டுக்கல் போட்டி முடிகிறவரை, பன்னிரண்டே நாள், அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கட்டும்.

இப்படி நினைத்துக்கொண்டே ஏலவார்குழலி சுகாசினிக்காகக் கை தட்டினாள். சுகாசினி எகிறி அடித்த பந்து எதிர்ப்பக்கத்து மூலையில் விழுந்து புழுதி கிளப்பியிருந்தது. எல்லோரும் தட்டினார்கள். தட்டாமல் இருந்தால் பொறாமை என்பார்கள், தட்டினால் பெருந்தன்மை என்பார்கள். இரண்டில் எதைக் கேட்டாலும் குழலிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மைதானத்து ஓரத்தில் கிடந்த பழைய பள்ளிக்கூட பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருஷமாக அந்த பெஞ்சு அங்கேதான் கிடக்கிறது. ஷூ லேஸ் கட்டுவதற்குத் தவிர வேறெதற்கும் அவள் அதில் உட்கார்ந்ததில்லை. அதன் நடுப்பலகை ஆடும் என்பதே இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பூப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒருத்தி. நடுவில் நிற்பவள்தான் சென்டர். வலையைத் தாண்டி வரும் மஞ்சள் கம்பளிப் பந்தில் பாதிக்குமேல் அவள் மட்டையைத் தேடித்தான் வரும். பிள்ளையார்பாளையம் இளம்பிறை மகளிர் கழகத்தின் சென்டர் என்றால் குழலி என்று பத்தொன்பது வயதில் பெயர் எடுத்தவள். இப்போது முப்பத்தாறு. கல்யாணமான மாதத்தில் மஞ்சள் கயிற்றை சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றாள். பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதம் மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க நின்றாள். அந்த இடத்தில், நேற்று முன்தினத்திலிருந்து, பத்தொன்பது வயசுக்காரி ஒருத்தி நிற்கிறாள்.

"இன்னா குழலி, உக்காந்துக்கினே இருக்கிற?" என்று டேனியல் மாஸ்டர் வந்தார். பக்கத்துப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் அவர். கழகத்துப் பெண்களுக்குப் பதினைந்து வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறார். "ரிசர்வா இருந்தாலும் உடம்பு சூடா இருக்கணும்மா. ரெண்டு ரவுண்டு ஓடு."

"பெஞ்சு சூடாயிடுச்சு மாஸ்டர். அது போதும்."

அவர் சிரிக்கவில்லை. "உன் வாய் மட்டும் இன்னும் ஃபார்ம்லயே இருக்குது," என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு போனார்.

இடைவேளைக்கு விசில் அடித்ததும் பெண்கள் பெஞ்சைச் சூழ்ந்துகொண்டு பொதுவாக வைத்திருந்த தண்ணீர் கேனிலிருந்து ஒரு பாட்டிலை நிரப்பிக் கைமாற்றிக் குடித்தார்கள். சுகாசினி மட்டும் தன் பைக்குள் கையை விட்டு நீல பாட்டிலை எடுத்தாள். ஆறு மாதமாக அப்படித்தான். கூரம் பக்கத்துக் காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் முதன்முதலாக வந்த வாரத்தில், எல்லோரையும்போல அவளும் பொது பாட்டிலை வாய் வைத்துக் குடித்தாள். அவள் கொடுத்த பாட்டிலை வாங்கிய, குழலிக்குப் பின்வரிசையில் ஆடும் அம்சா, அதன் வாயைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். ஒரு தடவை துடைத்தால் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். அம்சா மூன்று தடவை துடைத்தாள். குழலி பார்த்தாள். சுகாசினி பார்த்தாள். குழலி பார்த்ததையும் சுகாசினி பார்த்தாள். மறுநாள் நீல பாட்டில் வந்தது.

அதை இப்போது நினைத்துக்கொள்ள குழலிக்குப் பிடிக்கவில்லை. தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டவளுக்காகப் பரிதாபப்படுவதும் தன் தலையிலேயே விழுந்தால் என்ன நியாயம்?

குழலி ஆட்டம் பழகியது இந்த மைதானத்தில் இல்லை, தெருவில். காலையில் அவர்கள் தெருவின் இடது பக்கம் முழுக்கப் பாவு நீட்டியிருப்பார்கள். புதுப் புடவைக்கான பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக் கட்டி இடுப்பு உயரத்தில் நிற்கும். வலது பக்கத்து மிச்ச இடத்தில் பெண் பிள்ளைகள் வலைக்குப் பதில் கயிறு கட்டி ஆடுவார்கள். கம்பளிப் பந்துதான், ஆனாலும் விறைத்து நிற்கும் இழைமேல் விழுந்தால் நாலு இழையாவது அறும். அறுந்தால் பாவுக்காரர் வந்து முதுகில் ரெண்டு வைப்பார். அதனால் வலது பக்கம் போகிற பந்தை விட்டாலும் விடலாம், இடது பக்கம் போகிற பந்தை விடக் கூடாது. பாய்ந்து, மடங்கி, முழங்கால் தேய்ந்து, தரைக்கு ஒரு ஜாண் மேலேயாவது எடுத்துவிட வேண்டும். பிற்பாடு மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆடியபோது, "இடது பக்கம் அந்தப் பொம்பளகிட்ட போடாத, எடுத்துருவா" என்று எதிரணிப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்கும்போது உடம்பெல்லாம் இனிக்கும்.

வெள்ளிக்கிழமை நடந்தது இதுதான். மாநிலப் போட்டிக்குப் போகும் பத்துப் பேரை டேனியல் இரண்டாகப் பிரித்தார்.

"ஒரு பக்கம் குழலி சென்டர். இன்னொரு பக்கம் சுகாசினி. ஜெயிக்கிற சென்டர் திண்டுக்கல்ல நிப்பா. தோக்கறவங்க ரிசர்வ். எனக்கும் உங்களுக்கும் சண்டை வேணாம், பந்தே சொல்லட்டும்."

முப்பத்தைந்து எடுத்தால் ஆட்டம். கடைசியில் சுகாசினி பக்கம் முப்பத்து நாலு, குழலி பக்கம் முப்பத்து மூன்று. சுகாசினி எகிறினாள். அறையப் போகிறாள் என்று எல்லோரும் பின்னால் நகர, அவள் மட்டையைத் திருப்பிப் பந்தை இடது கோட்டுப் பக்கமாக மெல்லத் தள்ளினாள். பந்து கோட்டுக்கு வெளியேதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு முழமாவது வெளியே. விட்டிருந்தால் முப்பத்து நாலுக்கு முப்பத்து நாலு, மட்டையில் பட்டுவிட்டால் ஆட்டம் போச்சு. விடு என்று குழலியின் தலை சொன்னது. கை கேட்கவில்லை. அங்கே பாவு இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய பாவு, வேறு யார் கண்ணுக்கும் தெரியாமல், கோட்டுக்கு வெளியே விறைத்து நின்றுகொண்டிருந்தது.

மட்டையின் நுனியில் பந்து உரசியது. உரசியதாகக்கூடச் சொல்ல முடியாது. அதன் போக்குகூட மாறவில்லை. வெளியே போய் விழுந்தது.

"அவுட்டு!" என்று பின்னாலிருந்து அம்சா கத்தினாள்.

கம்பத்தருகில் நின்ற டேனியல் விரலைத் தூக்கினார். "டச். ஆட்டம் முடிஞ்சுது."

"இன்னா டச்சு? எங்க டச்சு?" அம்சா மட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "பந்து அந்தாண்ட போவுது, மட்ட இந்தாண்ட இருக்குது! கண்ணாடி மாத்துங்க மாஸ்டர்!"

"குழலியையே கேளு," என்றார் டேனியல். "நீ சொல்லும்மா. உரசிச்சா இல்லியா?"

குழலி மட்டையைப் பார்த்தாள். நரம்பின் ஓரத்தில், எறும்பு மீசை அளவுக்கு, மஞ்சளாக ஒரு கம்பளித் துணுக்கு ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்தாள்.

"நீங்கதானே அம்பயர்," என்றாள். "என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

அவ்வளவுதான் சொன்னாள். பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்ட மற்ற ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் 'உரசவில்லை' என்றே கேட்டுக்கொண்டார்கள். அப்படிக் கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் அவளும் அந்தக் குரலில் சொன்னாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் தேனில் விழுந்த ஈயாகக் கிடந்தாள். பால் வாங்கப் போனால் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். கோயில் வாசலில் செருப்பு விடும்போது இன்னொருத்தி உச்சுக்கொட்டினாள். சனிக்கிழமை, தறி வைத்திருக்கும் வள்ளி வீட்டில் வேலை. தறியில் பழைய பாவு தீர்ந்தால் அதன் இழை முனைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும், குழலியின் பிழைப்பு அது. பிடிப்புக்காக விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வள்ளி காபியை வைத்துவிட்டு, "உன் எடத்த அவங்க ஆளுக்குக் குடுத்துட்டாராமே அந்த வாத்தியாரு? இத்தன வருசம் ஆடினதுக்கு இதான் மரியாதியா?" என்றாள். குழலி பெருமூச்சு மட்டும் விட்டாள். நல்ல பெருமூச்சாக வந்தது. அதே நேரத்தில் அவள் விரலுக்கடியில் ஓர் இழை சரியாக முறுக்கேறாமல் வழுக்கியது. கண்ணால் பார்க்காமலே அது அவளுக்குத் தெரிந்தது. பின்னால் போய் அந்த ஓர் இழையைப் பிரித்து மறுபடி முறுக்கினாள். நாலாயிரத்துக்குமேல் இழை. அதில் ஒன்று.

இன்றைய ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி முடிந்து பெண்கள் கலைந்தபோது, மட்டைகளை மாட்டும் தகரக் கொட்டகையில் குழலியும் சுகாசினியும் எதிரெதிரே அகப்பட்டுக்கொண்டார்கள். குழலி ஒதுங்கிப் போகப் பார்த்தாள். சுகாசினி வழியை விடவில்லை.

"உங்க சித்தப்பா மனு ரெடி பண்ணிட்டாராமே," என்றாள். குழலியின் சித்தப்பா குமரகுருதான் கழகத்தின் தலைவர்.

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாமயா உங்க பேர்ல மனு? மாஸ்டர தூக்கிட்டு, லிஸ்ட்ட மாத்தி, என்னை வூட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். நம்ம பிளேயர்ஸ் குரூப்லயே ஒருத்தி போட்டுட்டு டெலீட் பண்ணா. அதுக்குள்ள பாத்துட்டேன்."

"பாத்தா பாத்துக்கோ."

"அக்கா, பந்து உரசிச்சு."

"ஓஹோ. வலைக்கு அந்தாண்ட நின்னுக்கினு உனக்குத் தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாது. ஆனா நீங்க மட்டைய தொடச்சத பாத்தேன்."

குழலி கையில் இருந்த மட்டையை ஆணியில் மாட்டினாள். அது சரியாக மாட்டாமல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி மாட்டினாள்.

"நீ அடிச்சது வெளிய போற பந்து," என்றாள். "அவுட்டு அடிச்சிட்டு ஜெயிச்சேன்னு சொல்லிக்கினு திரியற. வெக்கமா இல்ல?"

"வெளிய போவணும்னுதான் அடிச்சேன்."

குழலி திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு மாசமா உங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன்," என்றாள் சுகாசினி. அவள் குரலில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். "வலது பக்கம் வெளிய போனா விட்ருவீங்க. கரெக்டா விடுவீங்க. இடது பக்கம் மட்டும் விடவே மாட்டீங்க. ரெண்டடி வெளிய போனாக்கூட ஓடுவீங்க. ஏன்னு எனக்குத் தெரியாது. முக்கியமான பாயிண்டுக்கு வெச்சிருந்தேன்."

"திருட்டுப் புத்தி."

"அப்படியே இருக்கட்டும். மேட்ச்சுல எல்லாரும் அதத்தான பண்றோம்?" அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க கையெழுத்து போட்டுக்கோங்க. அடுத்த வருசம் நான் வேற கிளப்புக்கு ஆடுவேன். எதிர்ப்பக்கம் நிப்பேன். அப்பவும் இடது பக்கம்தான் போடுவேன். அப்பவும் எடுப்பீங்க."

நீல பாட்டில் பையின் வலைப்பையில் ஆட, அவள் போய்விட்டாள். விழட்டும் என்று குழலி மறுபடியும் நினைத்தாள், பஸ் படியிலேயே விழட்டும்.

நாலு மணிக்கு சித்தப்பா வரச் சொல்லியிருந்தார். அவருடைய பட்டுக் கடையின் மாடியில், விரித்த வெள்ளை மெத்தைக்குப் பக்கத்தில், ஒரு சின்ன மேசை. அம்சா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ கல்யாணக் கூட்டம் புடவை பார்க்கும் சத்தம். கடைப் பையன் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

"உக்காரும்மா," என்றார் குமரகுரு. நெற்றியில் மதியத்துக்கு மேலும் கலையாத விபூதி. "மாவட்டச் சங்கத்துக்குப் போறது. வக்கீல வெச்சு எழுதினேன். படிச்சுக்கோ. கீழ ஒரு கையெழுத்து, அவ்ளோதான். மீதிய நான் பாத்துக்கறேன்."

குழலி படித்தாள். நல்ல தமிழில் எழுதியிருந்தது. 'பந்து என் மட்டையில் படவே இல்லை என்று நான் அப்போதே உறுதிபடக் கூறியும், பயிற்சியாளர் தமது ஊரையும் தமது சமூகத்தையும் சேர்ந்தவர் என்ற ஒரே காரணத்தால் மேற்படி சுகாசினி என்பவருக்குச் சாதகமாக...'

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே," என்றாள்.

"நீங்கதான அம்பயர், என்னை ஏன் கேக்கறீங்கன்னு கேட்ட. அதுக்கு வேற இன்னா அர்த்தம்?" என்றாள் அம்சா. "எட்டுப் பேரு சாட்சி சொல்றோம்டி. நீ மட்டும் இன்னும் தயங்கிக்கினு இருக்க. வேற மாஸ்டர்கூட பேசி வெச்சாச்சு."

"இந்த வாரமே லிஸ்டு மாறும்," என்றார் குமரகுரு. "திண்டுக்கல்ல நீதான் சென்டர். இதான் உனக்குக் கடைசி மாநிலப் போட்டி, அது எனக்கும் தெரியும். கௌரவமா ஆடிட்டு வா. யாரோ எங்கிருந்தோ வந்து நம்ம பொண்ண பெஞ்சில உக்கார வெக்கறதா? நாளைக்கு நம்ம தெருவுல எவன் மதிப்பான்?"

கடைசி. அந்த வார்த்தையை இதுவரை யாரும் அவள் எதிரில் சொன்னதில்லை. முழங்காலுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், ஆனால் காதால் கேட்டது இப்போதுதான். பேனாவைத் திறந்தாள்.

திண்டுக்கல் மைதானம் கண்ணில் வந்தது. நடுவில் நிற்கிறாள். வலைக்கு மேலே மஞ்சள் பந்து. அந்தப் பந்துக்காக எதைத்தான் கொடுக்கக் கூடாது? டேனியலைக் கொடுக்கலாம். அவர் அவளுக்குப் பந்தைச் சுழற்றி சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்தவர்தான், ஆனாலும் அவளைத் தூக்கி பெஞ்சில் போட்டவர். சுகாசினியைத் தாராளமாகக் கொடுக்கலாம். அதில் அவளுக்கு மனக்கஷ்டமே இல்லை என்பதைக் குழலி உள்ளே தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

ஆனால் பந்து உரசவில்லை என்று எழுதிவிட்டால், சுகாசினி அவளை ஜெயிக்கவில்லை. அவளை ஆறு மாதம் ஒருத்தி கண் கொட்டாமல் பார்க்கவும் இல்லை. புருஷன் பார்க்காததை, பதினைந்து வருஷம் பயிற்சி கொடுத்த வாத்தியார் பார்க்காததை, இதோ தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் அம்சா பார்க்காததை, அந்தக் கூரத்துப் பெண் பார்த்தாள். இவள் உடம்புக்குள் ஒரு தெரு இருக்கிறது, அதன் இடது பக்கத்தில் ஒரு பாவு நிற்கிறது என்று பெயர் தெரியாமலே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து, குறி வைத்து அடித்தாள். யாராவது தன்னை இவ்வளவு உன்னிப்பாக வெறுத்திருக்கிறார்களா என்று குழலி யோசித்தாள். யாரும் இல்லை. தாளில் கையெழுத்துப் போட்டால் அதுவும் பொய்யாகிவிடும். ஏமாற்றுக்கார அம்பயரிடம் தோற்ற ஒரு வயசான ஆட்டக்காரி என்று மிஞ்சுவாள். அதைத்தான் தெருவே சேர்ந்து அவளுக்கு மரியாதை என்று தருகிறது.

கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் நுனியைத் தேய்த்தாள். இழை முறுக்கும் விரல். வழுக்கிய இழை அதற்குத் தெரியும்.

அவள் விழட்டும். ஆனால் தானாக விழட்டும்.

"எழுத்துல ஏதாச்சும் இடிக்குதா?" என்றார் குமரகுரு. "அந்த சமூகம்ங்கறத வேணா எடுத்துடலாம்மா. பந்து படலன்னு மட்டும் இருந்தாப் போதும்."

"வேணாம் சித்தப்பா."

"வேணாம்னா? எடுக்க வேணாமா?"

"கையெழுத்து வேணாம்."

அம்சாவின் கையில் இருந்த காபி தம்ளர் மேசைமேல் சத்தமாக உட்கார்ந்தது. "பைத்தியமாடி உனக்கு?"

"உரசிச்சு," என்றாள் குழலி.

"உரசிச்சுன்னா அன்னிக்கே ஏன் வாயத் தொறக்கல? எங்க எல்லாரையும் கத்தவுட்டு வேடிக்க பாத்தியா?"

பாட்டில் வாயைத் துடைத்த துப்பட்டா நுனி அம்சாவின் மடியில் கிடந்தது. குழலி அதையே பார்த்தாள்.

குமரகுரு சாய்ந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாமல் பேசும்போதுதான் அவருக்கு எல்லோரும் பயப்படுவார்கள். "இத பாரு. அவளுக்குத் தண்ணி பாட்டில் தூக்கிக்கினு பெஞ்சில உக்காரப் போறியா? நான் போட்ட மனுவ நீயே இல்லன்னு சொன்னா, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா இந்தப் படி ஏறாத. யோசிச்சுக்கோ. காலையில வரைக்கும் டைம் இருக்குது. போட்டுடும்மா."

கீழே கல்யாணக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாடியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாளின் ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது.

"இல்ல சித்தப்பா," என்றாள் குழலி. பேனாவை மூடி, தாள் பறக்காதபடி அதன்மேலேயே வைத்தாள்.